முதலாம் பதிவு

நேசமலர் எழுதிய எந்தப் புரோகிராமிலும் முதல் ஆள் அவளுடைய தம்பிதான்.

சிலர் வெள்ளைக் கடதாசியில் கை வைக்குமுன் பிள்ளையார் சுழி போடுவார்கள். நேசமலர் தம்பி சிவபாதசுந்தரத்தைப் போடுவாள். புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்குப் பேர், வயது, விலாசம், தொழில் எல்லாம் உள்ள ஒரு பொய் மனிதன் வேண்டும். மற்றவர்கள் வாயில் வந்த ஒரு பெயரைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவளுக்கு அது மனம் வராது. யாழ்ப்பாணத்தில் அரைக் காற்சட்டையோடு திரிந்த தம்பியை எழுபத்தோராம் ஆண்டில் ஒரு சம்பளப் பட்டியலில் பொது முகாமையாளர் ஆக்கினாள். புரோகிராம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அன்றிலிருந்து ராசி பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதியபோது அவனைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் போட்டுப் பார்த்தாள். ஆணுக்கு அது ஆகாது என்று இயந்திரம் தள்ளிவிட்டது. தள்ளத்தான் வேண்டும், அதற்குத்தான் பரீட்சை.

இதையெல்லாம் கொழும்பில் இருந்து தம்பிக்குக் கடிதத்தில் எழுதுவாள். அவனும் பதிலில் ஒவ்வொரு முறையும், "முதலாம் நம்பர் இப்ப என்ன உத்தியோகம் பாக்கிறார்?" என்று கேட்பான். அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் பத்து வயது வித்தியாசம். தாய் தகப்பன் போன பிறகு இருவருக்கும் இடையில் இருந்த விளையாட்டு என்று சொன்னால் இது ஒன்றுதான்.

இந்த நாட்டுக்குக் கம்பியூட்டர் வந்த கதையை யாராவது எழுதினால் அதில் பணிப்பாளர்கள் வருவார்கள், பேராசிரியர்கள் வருவார்கள், நாடா வெட்டிய மந்திரிமாரும் வருவார்கள். இயந்திரம் வாசிப்பதற்கு அட்டையில் துளை போட்ட பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். நேசமலர் அறுபத்தெட்டில் ஒரு கூட்டுத்தாபனத்தில் அந்த வேலைக்குத்தான் சேர்ந்தாள். எட்டுப் பெண்கள். ஒருத்தி துளைத்த அட்டையை இன்னொருத்தி அதே எழுத்துகளைத் திரும்பத் தட்டிச் சரிபார்ப்பாள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அட்டை உள்ளே போகும். ஒருநாள் மருதானையில் மழை கொட்டி, கைவண்டியில் போன ஆறு தட்டு அட்டையும் நனைந்துவிட்டன. மேலதிகாரி தலையில் கை வைத்தார். நேசமலர் பக்கத்து லோண்டரிக்குப் போய் அயன் பொக்ஸ் இரவல் வாங்கி, நாலாயிரம் அட்டையையும் ஒவ்வொன்றாக அயன் பண்ணிக் காயவைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளைப் புரோகிராம் எழுதும் பரீட்சை எடுக்கவிட்டார்கள். முதலாவதாக வந்தாள். அப்போது இந்த நாட்டில் அந்த வேலை செய்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணலாம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பாமன்கடையில் அவள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. பதினைந்து வருடம் கட்டிக்கட்டி வைத்த புரோகிராம் தாள்கள் எல்லாம் அதோடு போயின. கப்பலில் யாழ்ப்பாணம் போனாள். ஆறு மாதத்தில் திரும்பி வந்தாள். ஊரில் இருந்தால் தம்பியின் முகம் பார்க்கலாம், ஆனால் கம்பியூட்டர் இல்லை. வந்து பார்த்தால் கூட்டுத்தாபனத்தில் அவளுடைய கதிரையில் வேறு யாரோ. அவளுக்கு இயந்திர அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டிருந்தார்கள். கொஞ்சக் காலம் அதில் இருந்து பார்த்தாள், பிறகு ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவளை மறுபடி கூப்பிட்டவன் பற்றிக். நீர்கொழும்பான், சிங்களவன், தமிழும் நன்றாகக் கதைப்பான். கூட்டுத்தாபனத்தில் அவளிடம் வேலை பழகியவன். மருதானையில் சொந்தமாக ஒரு கம்பியூட்டர் நிறுவனம் தொடங்கியிருந்தான். புரோகிராம் எழுதியது முழுக்க நேசமலர். கையெழுத்துப் போட்டது பற்றிக். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. வேலை நடந்தால் போதும் என்கிற சாதி அவள்.

தொண்ணூற்றைந்து கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சிவபாதசுந்தரமும் எப்படியோ வவுனியா தாண்டிக் கொழும்பு வந்து சேர்ந்தான். முப்பத்தேழு வயது, கலியாணம் இல்லை, சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதன். அக்கா வெள்ளவத்தையில் பெண்கள் மட்டும் தங்கும் வீட்டில் ஒரு அறையில் இருந்ததால் அவனுக்குக் கொட்டாஞ்சேனையில் மயிலம்மாவின் லொட்ஜில் ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்தாள். அங்கேயே ஒரு கடையில் கொப்பி, புத்தகம் விற்கும் வேலையும் கிடைத்தது. ஞாயிறுதோறும் அக்காவிடம் வருவான். இருவரும் கடற்கரைத் தண்டவாளக் கரையில் இருந்து கடலை கொறித்துவிட்டுப் போவார்கள்.

அடுத்த மாதமே கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தமிழர் இருக்கிற வீடு, லொட்ஜ் எல்லாவற்றிலும் பொலிஸ் பதிவு கெடுபிடியானது. யார் இருக்கிறீர்கள், எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள். படிவங்கள் சாக்குச் சாக்காகக் குவிந்தன. அவற்றைக் கம்பியூட்டரில் ஏற்றும் வேலை, பெயர் சொல்ல வேண்டாத ஒரு அரசாங்க அலுவலகத்தில் இருந்து பற்றிக்கிடம் வந்தது. வேலை செய்பவர்களில் தமிழர் ஒருவரும் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. பற்றிக் அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக நேசமலரிடம் வந்தான்.

"அக்கா, உங்களை விட்டா இதை எழுத ஆளில்லை. பேர் மட்டும் வெளியில வராது."

அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்று கேட்டால், பயத்தால் அல்ல. கெட்டித்தனத்தால்தான். பட்டியல் எப்படியும் வரத்தான் போகிறது, மொக்கன் ஒருவன் எழுதினால் ஒரே பெயருள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிழையாகப் பிடிப்பார்கள், நான் எழுதினால் பிழை இருக்காது. இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்கு எந்தக் குழியில் விழுவதற்கும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும்.

எழுதி முடித்ததும் வழக்கம்போல முதலாம் பதிவில் தம்பியைப் போட்டாள். பெயரும் பிறந்த ஊரும் லொட்ஜ் விலாசமும் அவனுடையவை. தெருவாரியாகப் பிரிக்கிறதா என்று பார்க்க உண்மையான விலாசம் ஒன்று வேண்டியிருந்தது. மற்றவை அவள் கட்டியவை. அடையாள அட்டை எண்ணுக்கு, பிறந்த வருடமான ஐம்பத்தெட்டுக்குப் பின்னால் ஏழு ஒன்றுகளைத் தட்டினாள். வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாம் நாளில் பிறந்தவர் என்று காட்டும். அதற்கும் பிறந்த திகதிக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று அவளே ஒரு கட்டுப்பாடு எழுதியிருந்ததால், ஒக்டோபரில் பிறந்தவனை ஏப்ரல் இருபதாம் திகதி பிறக்க வைத்தாள். எலக்றீசியன், ரேடியோ திருத்துபவர் போன்றவர்களுக்குக் குண்டு கட்டத் தெரிந்திருக்கும் என்று அவர்களைத் தனித் தாளில் கேட்டிருந்தார்கள். ஆகவே தொழில், எலக்றீசியன். கடைசியாக ஒரு குறியீடு. மூன்று என்றால், விசாரணைக்குத் தேவையானவர். அந்தத் தாளும் தனியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று போட்டாள். வந்தது. மிகவும் அழகாக வந்தது.

பிறகு அழித்தாள். ஆனால் அந்த நாளைய அந்த மென்பொருளில் ஒரு பதிவை அழிப்பது இரண்டு படி. முதல் படியில் பதிவின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி விழும், திரையில் தெரியாது, உள்ளே அப்படியே கிடக்கும். இரண்டாம் படியில்தான் முற்றாகப் போகும். பிணத்துக்குத் துணி போர்த்துவது ஒன்று, சுடலைக்குக் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டாவதை அவள் எப்போதும் கையளிக்கும் நாளன்று, கடைசி வேலையாக, தன் கையால்தான் செய்வாள்.

கையளிக்க இருந்த நாளுக்கு முதல் நாள் தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. விடிந்ததும் பற்றிக் போன் எடுத்தான்.

"அக்கா, இண்டைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம். மிலிட்டரி ஆக்கள் வந்து மெசினோட எடுத்துக்கொண்டு போறாங்க."

"பற்றிக், முதல் ரெக்கோட் ஒண்டு மிச்சம் கிடக்கு."

"அழிச்சு விட்டதுதானே?"

"ஓம், ஆனா..."

"பிறகென்ன. இப்ப அதைத் தொட்டா ஏன், எதுக்கு எண்டு கேப்பாங்க. வையுங்க அக்கா."

அவள் தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒரு தமிழ்ப் பெண் கேட்கும் நாளா அது? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ரிசீவரை வைத்தாள். நட்சத்திரக் குறி போட்டாயிற்றே, வெளியில் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் எவனோ ஒருவன் அடுத்த வருடம் அந்தக் கோப்பைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றினான். குறிகள் உதிர்ந்துபோக, பதிவுகள் மட்டும் ஏறின.

தொண்ணூற்றேழு ஆனி மாதம் ஒரு காலை, மயிலம்மா கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தாள். தலைகூட வாரவில்லை.

"விடியக்காலம சுத்தி வளச்சிட்டாங்கம்மா. இருபத்தோரு பேர வரிசையா நிக்க வச்சாங்க. எல்லாரு கார்டையும் பாத்துட்டு விட்டாங்க. தம்பி கார்ட பாத்து, கடதாசிய பாத்து, மறுபடியும் கார்ட பாத்து, அவர மட்டும் ஏத்திட்டுப் போயிட்டாங்க."

"என்ன கடதாசி?"

"பெரிய கடதாசி. ரெண்டு ஓரத்துலயும் ஓட்ட ஓட்டயா இருந்திச்சு."

கம்பியூட்டர் அச்சடிக்கும் தாள் என்று நேசமலருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடும் என்பார்கள். இவள் வாரிப் போட்டது தன் தலையில்கூட இல்லை.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் வெளி வாங்கில் குந்தியிருந்தாள். உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் வசனம் கட்டி வைத்திருந்தாள். இது நான் எழுதிய புரோகிராம், இது பரீட்சைக்குப் போட்ட பதிவு, என் தம்பி ஒன்றும் அறியாதவன். மூன்றே மூன்று வசனம்.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். கதிரை காட்டினார். மேசையில் அந்தத் தாள் விரித்தபடி கிடந்தது. பெயருக்கும் விலாசத்துக்கும் இடையில் இரண்டு வெற்றிடம் விடுவது அவளுடைய பழக்கம். விட்டிருந்தது. கண் மங்கியவர்களும் வாசிக்க வேண்டும் என்று தொழிலைப் பெரிய எழுத்தில் போடுவாள். போட்டிருந்தது. இடது ஓரத்தில் 000001.

"நோனா, அவன் கையில் இருக்கும் அட்டையில் ஒரு நம்பர், இதில் இன்னொரு நம்பர்" என்றார் அவர் சிங்களத்தில். "அட்டையில் ஒக்டோபர், இதில் ஏப்ரல். தான் புத்தகக் கடையில் வேலை என்கிறான், இதில் எலக்றீசியன். அட்டையை எவனும் அச்சடிக்கலாம். கம்பியூட்டர் பொய் சொல்லாது."

நேசமலர் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பேனையை எடுத்தார். "நோனாவின் தொழில்?"

கட்டி வைத்த மூன்று வசனமும் அப்படியே நெஞ்சுக்குள் நின்றன. புரோகிராமர் என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே என்பது. அதற்கு அடுத்தது எந்தப் புரோகிராம். அதற்கும் அடுத்ததாக, அரசாங்கத்தின் பட்டியலுக்குள் கை வைத்த தமிழச்சி நீதானா என்று வரும். வாங்கில் இருந்தபோது உள் அறையில் இருந்து கேட்ட அலறல் அவள் காதில் இன்னும் இருந்தது.

"கிளாக்" என்றாள்.

குமாஸ்தா என்று அவர் எழுதிக்கொண்டார். அவள் வெளியே வந்து தெருவில் நின்றபோது முதலில் வந்தது ஆறுதல். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது போகவேயில்லை.

அன்று பின்னேரம் பற்றிக்கிடம் போனாள். அவன் கதவைச் சாத்திவிட்டு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"அக்கா, தமிழர் ஒருத்தரும் தொடேல்ல எண்டு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறன். நான் போய் அந்தப் பேரை எடுங்க எண்டா, நாளைக்கு நீங்களும் நானும் உங்க தம்பிக்குப் பக்கத்தில இருப்பம்."

"அப்ப அவனை விட்டிடுறதோ?"

"குற்றம் ஒண்டும் இல்லைத்தானே. விசாரிச்சுப் போட்டு விடுவாங்க."

அவனுடைய மேசையில் ஒரு அழைப்பிதழ் கிடந்தது. நாட்டின் கணினித்துறை முன்னோடிகள் பன்னிரண்டு பேரைக் கௌரவிக்கும் விழா. பற்றிக்கின் பெயர் ஆறாவது. அவள் பார்ப்பதைக் கண்டு அவன் அதைத் திருப்பி வைத்தான். அந்த மட்டுக்கு அவனுக்கு வெட்கம் இருந்தது.

அந்த மாதத்தில் மூன்று தரம் அவள் இன்ஸ்பெக்டருக்கு உண்மையை எழுதினாள். மூன்று தரமும் கிழித்தாள். அதற்குள் தம்பியைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். தான் எலக்றீசியன்தான் என்றும், கம்பியூட்டரில் உள்ள எண்ணும் பிறந்த திகதியும் தன்னுடையவைதான் என்றும் அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மாதம் ஒரு தரம் பார்க்கவிடுவார்கள். சவர்க்காரம், பாண், சீனிச்சம்பல் எல்லாம் கொண்டு பஸ்ஸில் போவாள். கம்பி வலைக்கு அங்காலே அவன் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினான். வந்து நின்றதும் அவன் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அக்கா, உன்னட்டை ஒருத்தரும் வந்து விசாரிக்கேல்லையே?"

"இல்லை."

"வேலைக்குப் போறியோ?"

"ஓம்."

அவனுடைய தோள் அப்போதுதான் இறங்கும். பாவம், இந்த நிலைமையிலும் என்னைப் பற்றித்தான் கவலை என்று அவள் பஸ்ஸில் வரும்போது அழுவாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பதினாறு மாதம் கழித்து நீதவான் அவனை விட்டார். அவன் ஒப்புக்கொண்டது எலக்றீசியன் என்பதை மட்டும்தான், எலக்றீசியனாக இருப்பது குற்றமில்லை என்றார். நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போலி என்று முதலிலேயே வெட்டிவிட்டார்களாம். பதிலாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதில் ஐம்பத்தெட்டும் ஏழு ஒன்றுகளும் இருந்தன.

மயிலம்மா அவனைத் திரும்ப எடுக்கவில்லை. "எங்க வீட்லயும் பொம்பளப் புள்ளைங்க இருக்குதும்மா" என்றாள். அவளைக் குறைசொல்ல முடியாது. நேசமலர் வெள்ளவத்தை அறையை விட்டு, பாமன்கடையில் ஒரு வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை எடுத்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். அவனால் கைகளைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. சேட்டுப் போடும்போது அவள்தான் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதே உண்மை.

குடிவந்து பத்தாம் நாள் வீட்டுக்காரர் பொலிஸ் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். புதிதாக வந்தவர்கள் உடனே நிரப்பிக் கொடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சிவபாதசுந்தரம் மேசையில் இருந்து எழுதத் தொடங்கினான். முழங்கையை மேசையில் ஊன்றி, புத்தகக் கடைக்காரனின் முத்து முத்தான எழுத்தில் எழுதினான். நேசமலர் கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து அவன் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

அடையாள எண்ணில் அந்த ஒன்றுகள். பிறந்த திகதி ஏப்ரல் இருபது. தொழில் எலக்றீசியன். கடிதத்தைப் பார்க்காமல், பாடமாக எழுதியிருந்தான்.

"தம்பி, நீ பிறந்தது ஒக்டோபரிலை."

"கம்பியூட்டரிலை ஏப்ரல் எண்டுதான் கிடக்கு அக்கா. மாத்தி எழுதினா திரும்பவும் பிரச்சினை."

அவள் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கிழித்துப் போட்ட மூன்று கடிதத்திலும் எழுதியதை வாயால் சொன்னாள்.

"அதை எழுதினது நான்தான்."

அவன் தலை நிமிரவில்லை. தொடங்கிய சொல்லை எழுதி முடித்தான்.

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"பிடிச்ச அண்டைக்கே. கடதாசியை முகத்துக்கு முன்னாலை பிடிச்சவங்கள். முதலாம் நம்பர் எண்டு கிடந்தது. உன்ரை புரோகிராமிலை முதலாம் நம்பர் எப்பவும் நான்தானே."

"ஏனடா சொல்லேல்லை? அக்கா பரீட்சைக்குப் போட்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

"சொன்னா உன்னைக் கொண்டுவந்து பக்கத்து அறையிலை விட்டிருப்பாங்கள்." மெதுவாகத்தான் சொன்னான். "அந்த அறையை நான் பாத்தனான் அக்கா. அதுதான், எலக்றீசியன் எண்டு ஒத்துக்கொண்டிட்டன். அதோட அவங்கள் கேள்வியை விட்டிட்டாங்கள்."

நேசமலர் பொலிஸ் நிலையத்தில் தான் என்ன சொன்னாள் என்பதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நான் ஒரு தரம் போனேன், கேட்டார்கள், ஒரே ஒரு சொல்லில் தப்பி வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். வீட்டில் இருக்கும் இரண்டாவது ஆளின் விபரம். பெயர், பிறந்த திகதி, ஊர், எல்லாவற்றையும் அவளிடம் கேட்காமலே எழுதினான். கடைசிப் பெட்டியில் மட்டும் கொஞ்சம் நின்று யோசித்தான். பிறகு எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"புரோகிராமர் எண்டு போட்டா பிறகும் கேள்வி வரும். உனக்குக் கிளாக் எண்டு போட்டிருக்கிறன் அக்கா. அதுதான் உனக்குப் பாதுகாப்பு."

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேனையை நீட்டினான், கையை அதிகம் உயர்த்த முடியாததால் மேசையோடு தள்ளி நீட்டினான். வீட்டின் பிரதான குடியிருப்பாளர், மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மை என உறுதிப்படுத்துகிறேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே நேசமலர் கையெழுத்துப் போட்டாள்.